சாம்பலில் கை விடும் காசிநாதன்

சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, காசிநாதன் அடுப்புச் சாம்பலுக்குள் நாலு விரலையும் நுழைக்கிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே குந்தியிருக்கிறார். பிறகு விரலை எடுத்து ஊதிவிட்டு எழுந்து நின்று, அந்த வீட்டுப் பெண்ணைப் பார்த்துச் சொல்கிறார்: "காத்தால சமைச்சேன்னு சொன்னியே. இது முந்தாநேத்து நெருப்பு."

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இருபது வருஷமாகச் சாம்பல் பார்க்கிற கை.

ரேஷன் கார்டு விசாரணைக்கு வருகிறவர் அவர். ஒரு அடுப்புக்கு ஒரு கார்டு என்பது சர்க்கார் கணக்கு. ஒரே கூரைக்குக் கீழே மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தாலும், தனித்தனியாக உலை வைத்தால் தனித்தனியாகக் கார்டு உண்டு. ஆகையால் ஊரில் பாதிப்பேர் 'நாங்கள் தனிச் சமையல்' என்று மனு எழுதிப் போடுகிறார்கள். அந்த மனுக்களையெல்லாம் ரெக்ஸின் பையில் அடுக்கிக்கொண்டு, செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி எங்கள் புதுப்பட்டினத்துக்கு வந்து இறங்குவார். மனிதர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அடுப்பைப் பார்ப்பார். அதற்குப் பிறகு கொடியில் காயும் துணி. எத்தனை கைலி, எத்தனை பாவாடை, அதில் எத்தனை நேற்றுத் துவைத்தவை, எத்தனை இவருக்காக நனைத்துப் போட்டவை. வாசல் வழியாக ஒருநாளும் வரமாட்டார். கொல்லைப்பக்கம் சுற்றிக்கொண்டுதான் வருவார்.

யார் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான். "கீதுன்னா காட்டு." ஆறு பேர் இருக்கிறோம் என்றாலும் அதே பேச்சு, பால்குடிப் பிள்ளை தூங்குகிறது என்றாலும் அதே பேச்சு. எங்கள் தெருப் பிள்ளைகள் கோலி விளையாடும்போதுகூட இதைச் சொல்லப் பழகிவிட்டன.

இவருடைய தகப்பனார் அப்பாசாமியை எனக்குத் தெரியும். பாலாற்றங்கரையில் வேர்க்கடலை போட்ட குடும்பம். மூட்டையை வண்டியில் கொண்டுவந்து என்னைப் பெற்ற அத்தாவின் கடலை மண்டியில் இறக்கிவிட்டு, தராசுப் பக்கம்கூடத் திரும்பிப் பார்க்காமல் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பார். அப்பாசாமியின் தம்பியும் அப்படித்தான். பெண் கொடுத்த இடம், பெண் எடுத்த இடம் எதிலும் ஒருவரைச் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை சொன்ன வம்சம் இல்லை. இந்தப் பிள்ளை மட்டும் ஏன் இப்படி என்று நானும் விசாரித்திருக்கிறேன்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முட்டுக்காட்டுப் பக்கம் பக்தவத்சலம் என்று ஒருவர், பதினோரு பேருக்கு மனு போட்டார். பெரிய மனிதர். நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள் என்று சொன்னார். காசிநாதன் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூன்று வாரம் கழித்து மேலதிகாரி போய்ப் பார்த்தால், மனுவில் எழுதியிருந்த விலாசம் சவுக்குத் தோப்புக்குள் ஒரு ஆட்டுக் கொட்டகை. காசிநாதனுக்கு மெமோ வந்தது. இரண்டு வருஷத்துக்குச் சம்பள உயர்வு நின்றது. அன்றைக்கு விட்டதுதான் இளநீர். இன்றைக்கும் யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். கக்கத்தில் ஒரு பாட்டில் வைத்திருப்பார். டீக்கடையில் குடித்தாலும் கிளாஸ் கழுவுவதை நின்று பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

எங்கள் ஜனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. காசிநாதன் பஸ்ஸிலிருந்து இறங்கினார் என்றால் ஒரு வீட்டுப் பிள்ளைகள் கொல்லை வழியாக இன்னொரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். இதை அவர் இரண்டே தடவையில் கண்டுபிடித்துவிட்டார். பிள்ளையின் தலையைத் தடவி, "பேரு இன்னா கண்ணு" என்று கேட்கிற சாக்கில், மை தொட்ட கட்டைவிரலைக் காதுக்குப் பின்னால் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். அடுத்த வீட்டில் பெயர் கேட்கமாட்டார். காதைத் திருப்பிப் பார்ப்பார்.

லஞ்சம் வாங்குகிறவரோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. அதில்தான் ஊருக்கு இன்னும் சந்தேகம். மதார் சாகிப் டீக்கடையில் வைத்துச் சொன்னான்: "வாங்கறவனா இருந்தா நமக்கு ஒரு வழி தெரியும். இவன் வாங்கவும் மாட்டேன்றான், குடுக்கவும் மாட்டேன்றான். உள்ளுக்குள்ள இன்னா வெச்சிகினு கீறான்னே புரியல."

அவன் அப்படிச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. அவனுடைய தம்பி நூர்முகமது மஞ்சள் காமாலையில் பத்தே நாளில் போய்விட்டான். மதார் சாகிப் மூத்தவன், நூர்முகமது கடைசி, நடுவில் நாலு பெண்கள். அவர்கள் அத்தாவும் நானும் அண்ணன் தம்பி பிள்ளைகள். நூர்முகமது எனக்கு மகன் முறை. கல்பாக்கத்தில் வேலை நடக்கிற இடத்துக்குச் சைக்கிளில் கைலியும் துண்டும் கொண்டுபோய் விற்றுவந்தான். அண்ணன் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறை, ஒரு தாழ்வாரம், தனி அடுப்பு, தனிக் கார்டு. பெண்சாதி சைனம்பு, நாலு வயதில் ஒரு பெண், எட்டு மாதத்தில் ஒரு பெண்.

கார்டில் தலைப்பெயர் நூர்முகமது. தலைப்பெயர் இறந்துபோனால் கார்டும் அதோடு படுத்துவிடும். ரேஷன் கடையில் குறுக்கே ஒரு கோடு போட்டு, பெயர் மாற்றிக்கொண்டு வா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மனு போட்டாயிற்று. மனுதாரர் அந்த வீட்டில்தான் இருக்கிறாரா, தனியாகத்தான் சமைக்கிறாரா என்று நேரில் பார்த்து எழுத வேண்டியது காசிநாதன் வேலை. அந்த மாதக் கடைசிக்குள் எழுதாவிட்டால் மனு தள்ளுபடி. மறுபடியும் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும்.

சைனம்புவோ இத்தாவில் இருந்தாள். புருஷன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருப்பாள், வெளி ஆண்கள் கண்ணில் படமாட்டாள். எனக்கே, முறைக்கு மாமனார் என்றாலும், அவளைப் பார்க்க வழியில்லை. நூர்முகமது மௌத்தாகி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது.

அரிசி வெளியில் கிடைக்காமல் இல்லை. விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிற காலம் அது. மதார் சாகிப் கார்டில் வருகிற அரிசி அவன் வீட்டு ஆறு பேருக்கே காணாது. அதில் இந்த மூன்று பேரும் சேர்ந்தார்கள். மூத்த பெண்ணைத் தன் பிள்ளைகளோடு உட்காரவைத்துச் சோறு போட்டுவிடுவாள் மதார் சாகிப் பெண்சாதி உம்மு சல்மா. சைனம்புக்குக் கஞ்சித் தண்ணீர் போகும். சில நாள் அதில் பருக்கையும் இருக்கும்.

முதல் தடவை காசிநாதன் வந்தபோது உம்மு சல்மாதான் பேசினாள். கனத்த உடம்பு, கனத்த குரல், யாருக்கும் பயப்படாதவள்.

"உள்ள கீது சார் அந்தப் பொண்ணு. வெளிய வர்றதுக்கு இல்ல. இன்னும் மூணு மாசம் ஆவும்."

"கீதுன்னா காட்டு."

"காட்டறதுக்கு இல்லன்னுதானே சொல்லிகினு கீறேன்."

திரைக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. பிறகு சின்னக் குரலில், "நான்தான் சார் சைனம்பு" என்று வந்தது.

காசிநாதன் திரையைப் பார்த்தார். திரைக்குக் கீழே தெரிகிற தரையைப் பார்த்தார். "கொரலுக்கெல்லாம் கார்டு குடுக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார்.

அவருடைய கணக்கு வேறு. சைனம்பு பிறந்த ஊர் செங்கல்பட்டு. தகப்பனார் காஜா மொய்தீனுக்கு அங்கே குடை ரிப்பேர் கடை. புருஷன் போனதும் இந்தப் பெண் அப்பன் வீட்டுக்குப் போயிருக்கும், அங்கே ஒரு யூனிட், இங்கே ஒரு யூனிட் என்று இரண்டு பக்கமும் அரிசி வாங்கப் பார்க்கிறார்கள் என்பது அவர் எண்ணம். மறுநாளே செங்கல்பட்டில் காஜா மொய்தீன் வீட்டுக் கொல்லையில் போய் நின்றிருக்கிறார். கொடியில் ஒரு புடவை காய்ந்தது. அது சைனம்புவின் தங்கை பதருன்னிசாவின் புடவை. அவளே வந்து எடுத்துக்கொண்டு போனாள். இவரோ அன்றைக்கு நோட்டில் 'கூடுதல் புடவை ஒன்று' என்று எழுதிக்கொண்டாராம்.

இரண்டாம் தடவை, கைநாட்டாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று மதார் சாகிப் கெஞ்சினான். மைப்பெட்டியைத் திறந்து திரைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். திரையோரமாக ஒரு கட்டைவிரல் மட்டும் வெளியே வந்தது. காசிநாதன் குனிந்து அந்த விரலை வெகுநேரம் பார்த்தார். "இது யாரு வெரலுன்னு நான் எழுதறது?" என்றார்.

உம்மு சல்மா விடவில்லை. "இன்னா சார், வெரல வெலைக்கு வாங்கி வெச்சிகினா கீறோம்?"

விரல் உள்ளே போய்விட்டது. மைப்பெட்டியும் மூடிக்கொண்டது.

அன்றைக்கு மதார் சாகிப் ஒரு தப்புச் செய்தான். நல்ல நெத்திலிக் கருவாடாகப் பார்த்து ஒரு பொட்டலம் கட்டி, பஸ் நிறுத்தத்தில் அவர் பைக்குள் திணித்துவிட்டான். காசிநாதன் நடுரோட்டில் நின்று பொட்டலத்தைப் பிரித்து எல்லாரும் பார்க்கத் திருப்பிக் கொடுத்தார். அதோடு விடாமல், 'என் கருவாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு துண்டுத் தாளில் எழுதவைத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். கொடுக்கிற கை ஏதோ மறைக்கிறது என்று அவருக்குச் சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது.

மூன்றாம் தடவை சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். கொல்லை வழியாக நேரே பின்கட்டுத் தாழ்வாரம். குந்தினார், சைனம்புவின் அடுப்புச் சாம்பலில் கையை விட்டார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

"தனிச் சமையல்னு மனுல போட்டுகிறீங்க. இதுல பூனை குட்டி போடும்போலக் கீது."

உம்மு சல்மா முற்றத்தில் நெத்திலி உலர்த்திக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"கார்டு குடுங்க, எரியும். அரிசி இல்லாம எரிச்சா வெறும் தண்ணிதான் கொதிக்கும். அது போதும்னா சொல்லுங்க சார், நாளைக்கு எரிச்சு வெக்கிறேன், வந்து கைய வெச்சுப் பாருங்க."

காசிநாதன் எழுந்திருக்கச் சற்று நேரமாயிற்று. கார்டு இருந்தால் அரிசி, அரிசி இருந்தால் அடுப்பு, அடுப்பு எரிந்தால் கார்டு. இருபது வருஷத்தில் இதை அவரிடம் யாரும் இப்படி எடுத்துச் சொன்னதில்லை போலிருக்கிறது. விரலை ஊதவும் மறந்து, சாம்பல் கையோடு நோட்டைத் திறந்தார். ஒன்றும் எழுதாமல் மூடினார். ஆனாலும் போகும்போது, "அடுப்ப விடு. ஆளு கீதான்னு நான் பாக்கணும்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். மாதம் முடிய ஆறு நாள் இருந்தது.

ஐந்து நாள் வரவில்லை. மனு போய்விட்டது என்று மதார் சாகிப் முடிவுக்கு வந்துவிட்டான். சைனம்பு மூத்த பெண்ணை மட்டுமாவது தன் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று திரைக்குள்ளிருந்து கேட்டதாக உம்மு சல்மா சொன்னாள். அப்படி அனுப்பினால் அந்தப் பிள்ளையும் இங்கே இல்லை என்று ஆகிவிடுமே என்று மதார் சாகிப் தடுத்தானாம்.

கடைசி நாள் பதினோரு மணி பஸ்ஸில் காசிநாதன் வந்து இறங்கினார். பின்னாலேயே ஒரு பெண்பிள்ளையும் இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். மஞ்சள் பூசிய முகம், கையில் பித்தளைக் கூஜா. பெண் போலீஸை மப்டியில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். முதல் தடவையாக அவர் வாசல் வழியாக வந்தார்.

"இது என் சம்சாரம். ஜெகதாம்பாள். நான்தானே உள்ள வரக்கூடாது? இது போயிப் பாத்துட்டு வரட்டும்" என்றார்.

உம்மு சல்மா வாசற்படியில் குறுக்கே நின்றாள். அவளுக்கும் சந்தேகம் இருக்காதா? உள்ளே விட்டால் பாத்திரம் பண்டம் எண்ணிக்கொண்டு போய் இருக்கிற கார்டையும் பிடுங்க வந்திருக்கலாம். காசிநாதனை மேலும் கீழும் பார்த்தாள்.

"சம்சாரம்னு நீங்க சொல்றீங்க. அதுக்கு இன்னா அத்தாட்சி சார்?"

நான் அப்போது எதிர்வீட்டில் நின்றுகொண்டிருந்தேன். காசிநாதனின் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது, ரெக்ஸின் பையைத் தொட்டது. கட்டின பெண்சாதிதான் என்று காட்ட அவரிடம் ஒரு காகிதமும் இல்லை.

உம்மு சல்மா அவரை விட்டுவிட்டு அந்த அம்மாளிடம் கேட்டாள்: "நீ யாரு பொண்ணு?"

"சதுரங்கப்பட்டினம். எல்லம்மா பொண்ணு."

"மோர்க்கார எல்லம்மாவா?"

"அம்மா பின்னால ஆழாக்க எடுத்துகினு வருவனே, உங்க தெருவுக்கெல்லாம்."

உம்மு சல்மா அந்த முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். அவள் புதுப்பெண்ணாக இந்த வீட்டுக்கு வந்த வருஷம் எல்லம்மாள்தான் தினம் மோர் ஊற்றிவிட்டுப் போவாள். எல்லம்மாளின் நாத்தனார் சம்பூர்ணத்தைக்கூட எங்களுக்கெல்லாம் தெரியும். உம்மு சல்மா வழியை விட்டு விலகி நின்றாள். காசிநாதன் நாலு பயணம் வந்தும் முடியாத விசாரணை, வாசற்படியில் இரண்டு கேள்வியில் முடிந்துவிட்டது.

ஜெகதாம்பாள் உள்ளே அரை மணி நேரம் இருந்தாள். காசிநாதன் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். உள்ளே அவள் பேசியதை உம்மு சல்மா எங்கள் வீட்டில் வந்து சொன்னாள். எங்க வூட்டுக்காரரு உங்கள மட்டும் சந்தேகப்படறாருன்னு நெனைக்காதீங்க, எங்க வூட்டு சர்க்கரை டப்பாவுலயே எம்மாம் கீதுன்னு பென்சில்ல கோடு போட்டு வெச்சிட்டுத்தான் ஆபீஸ் போறாரு என்றாளாம். சைனம்பு புருஷன் போனதற்குப் பிறகு அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்தாளாம்.

எனக்கு அன்று திருக்கழுக்குன்றம் போகிற வேலை இருந்தது. பஸ் நிறுத்தத்துப் பூவரச மரத்தடியில் அவர்கள் இரண்டு பேருக்கும் பக்கத்தில்தான் நின்றேன். காசிநாதன் பெண்சாதியை விசாரித்துக்கொண்டிருந்தார், மனுதாரரை விசாரிக்கிற அதே தொனியில்.

"உள்ள யாரு இருந்தா?"

"அந்தப் பொண்ணுதான்."

"அந்தப் பொண்ணுதான்னு உனக்கு இன்னா தெரியும்?"

"வெள்ளைப் பொடவ. காதுல ஒண்ணுமில்ல, கைல ஒண்ணுமில்ல."

"வெள்ளைப் பொடவ யாருக்கு வேணாலும் கட்டி ஒக்கார வெக்கலாம்."

"கொழந்த ஓடி மடில படுத்துக்கிச்சு."

"சித்தி மடிலயும் படுக்கும்."

ஜெகதாம்பாள் கூஜாவைக் கீழே வைத்தாள். பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"சின்னதுக்குப் பால் குடுத்துச்சு. பால் இல்ல. புள்ள இழுத்து இழுத்துப் பாத்துட்டு அழுவுது. இந்த மாரு ஏமாந்து அந்த மாருக்குப் போவுது. அங்கியும் இல்ல. அந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பாக்காம செவுத்தப் பாத்துகினு கீது. இதையும் யாருனா சொல்லிக்குடுத்து செய்வாங்களாயா?"

காசிநாதன் குந்தி உட்கார்ந்து பையை முட்டிமேல் வைத்து, மனுவை எடுத்து அதன்மேல் விரித்தார். 'மனுதாரர் இவ்வீட்டில் வசிக்கிறார். தனிக் குடும்பம். கார்டு வழங்கலாம்' என்று எழுதினார். ரெக்ஸின் மெத்தென்று இருந்ததால் பேனா இரண்டு இடத்தில் தாளைக் குத்திவிட்டது. கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். கீழே, மனுதாரரை நேரில் பார்த்த சாட்சி என்று ஒரு கோடு காலியாக இருந்தது.

எழுந்து நின்று, பேனாவை ஜெகதாம்பாளிடம் நீட்டினார். "பாத்தது நீதானே. நீ போடு."

அவளுக்குப் பெயர் மட்டும் எழுதத் தெரியும். தாளை வாங்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். மரத்தில் வைத்தால் பட்டை கரடாக இருந்தது. "எங்க வெச்சுப் போடறது?" என்றாள்.

காசிநாதன் திரும்பி நின்று குனிந்தார். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு முதுகைக் காட்டினார். அவள் தாளை அவர் முதுகில் விரித்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக எழுதத் தொடங்கினாள். நீளமான பெயர். சதுரங்கப்பட்டினத்துப் பக்கமிருந்து பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது, கண்டக்டர் சத்தம் போட்டார். காசிநாதன் தலையைத் திருப்பவில்லை. எழுதி முடித்துவிட்டேன் என்று அவள் சொல்கிற வரைக்கும் மண்ணைப் பார்த்தபடி அப்படியே குனிந்து நின்றார்.